ஒளியை முந்திய ஃபோமா லூக்கிச்

எங்கள் ஆய்வகத்தில் யாருக்காவது அறுபது வயதாகிவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். தொழிற்சங்கம் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுக்கும். சுவர்ப் பத்திரிகையின் ஆசிரியர் என்ற முறையில் நான் வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் கொடுப்பேன். கடிகாரம் ஓடாது, வாழ்க்கைக் குறிப்பில் உண்மை இருக்காது. யாரும் குறை சொன்னதில்லை.

இந்த மாதம் ஃபோமா லூக்கிச் ரியாபினினுக்கு அறுபது. அவரைப் பற்றிப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. உள்ளதை எழுதினேன். சங்கக் குழு சிவப்புப் பென்சிலால் அடித்தது போக மிஞ்சியது அவருடைய பெயரும் பிறந்த வருடமும்தான். பிறந்த வருடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதைப் போட்டது குழு அல்ல, ஃபோமா லூக்கிச்சே. தன் பிறப்புச் சான்றிதழை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. அடிபட்டதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். படிப்பவர்கள் குழுவிடம் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

வியாத்கா பக்கத்தில் ஒரு கிராமம், அப்பா தேனீ வளர்ப்பவர். பிள்ளைக்கு ஃபோமா என்று பெயர் வைத்தார். நீங்கள் தோமா என்று சொல்வீர்கள், ஏசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற அந்தச் சீடர். எங்கள் ஆள் ஒரு விரலோடு நிற்பவர் அல்ல. பத்து விரலையும் விட்டு, ஆழத்தை மூன்று முறை அளந்து, சராசரி எடுத்து, "எதற்கும் நாளைக்கு ஒருமுறை பார்க்கலாம்" என்பவர். போரில் பீரங்கிப் படையில் தூரம் கணக்கிடும் வேலை. ஒருமுறை கேப்டன் கொடுத்த வரைபடம் தப்பு என்று சொல்லிச் சுட மறுத்தார். கேப்டன் சொன்னது சரி, வரைபடமும் சரி. ஃபோமாவுக்கு ஒரு வாரம் உருளைக்கிழங்கு உரிக்கும் தண்டனை கிடைத்தது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே தெரியாது. "தப்பா இருந்திருந்தா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

போர் முடிந்து, படித்து, வோல்காக் கரையில் பைன் காட்டை வெட்டி எங்களைப் போன்றவர்களுக்காகக் கட்டிய இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். இங்கே இரண்டு ஆய்வகங்கள், நடுவே மிச்சம் விட்ட கொஞ்சம் காடு. இந்தப் பக்கம் நாங்கள். பெரிய முடுக்கி வைத்திருக்கிறோம், துகள்களை விரட்டி விரட்டி ஒளியின் வேகத்தை ஒட்டிக் கொண்டுபோய் எதிலாவது மோதவிடுவோம். காட்டுக்கு அந்தப் பக்கம் அணுக்கரு ஆய்வகம். அவர்கள் கருவைத் தட்டித் தடவி, உள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு யாரோடு ஆகாது என்று விசாரிப்பவர்கள். எங்களுக்கு அவர்கள் மாமியார் வீட்டுக் கதை பேசுகிறவர்கள். அவர்களுக்கு நாங்கள் கல்லெறிகிற காலிப் பயல்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே மேஜையில் உட்கார மாட்டோம்.

ஃபோமா லூக்கிச் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது, பயப்படாதீர்கள். நாங்கள் துகளை ஒரு பெரிய தொட்டிக்குள் விடுவோம். தொட்டியில் இருப்பது புரொப்பேன், அடுப்படி சிலிண்டரில் இருக்கும் அதே சரக்கு, திரவமாக. மின்னேற்றம் உள்ள துகள் அதற்குள் ஓடினால் பின்னாலேயே குமிழி வரிசை எழும்பும். அதைப் படம் பிடிப்போம். காந்தத்தில் அந்தக் கோடு எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் துகளின் உந்தமும் ஆற்றலும் கிடைத்துவிடும். ஆனால் மின்னேற்றம் இல்லாத துகள் குமிழி விடாது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதை எப்படிப் பிடிப்பது? கழித்தல் கணக்குதான். மோதலுக்கு முன்னால் எவ்வளவு ஆற்றல் இருந்ததோ, பின்னாலும் அவ்வளவே இருந்தாக வேண்டும். ஒரு கோபெக் காசு கூடாது, குறையாது. நம் நாட்டில் ஒழுங்காக நடக்கும் கணக்கு இது ஒன்றுதான். (குழு முதலில் அடித்தது இந்த வரியைத்தான்.) கண்ணுக்குத் தெரிந்த துகள்கள் எடுத்துப்போனதைக் கழித்தால், மிச்சம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கள்ளனுடையது. உந்தத்தையும் அப்படியே கழித்து, உந்தத்தை ஆற்றலால் வகுத்தால் கள்ளனின் வேகம் வந்துவிடும்.

அந்த வேகம் எப்போதும் ஒன்றுக்குக் கீழேதான் வரும். ஒளியின் வேகம் எங்களுக்கு ஒன்று. வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று எங்கள் ஊரில் யாராவது பேசினால் அவர் மாஸ்கோவிலிருந்து வந்த செய்தியாளர் என்று அர்த்தம். ஒன்றை நெருங்கிய பிறகு எவ்வளவு ஆற்றலை ஊட்டினாலும் துகளின் வேகம் கூடுவதில்லை, கனம்தான் கூடுகிறது. கருங்கடல் ஓய்வு விடுதிக்குப் போய்வரும் அதிகாரிகளிடமும் இதையே கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணமும் நடந்தது. பெண் அக்னியா ரொமானவ்னா, காட்டுக்கு அந்தப் பக்கத்து ஆய்வகத்தில் கார்பன் கருவை ஆராய்பவர். எங்கள் ஊரில் இது கலப்புத் திருமணம். பத்து வருடம் தாக்குப்பிடித்தார். அடுப்பை அணைத்தாயா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கும் கணவனைப் பொறுத்துக்கொள்ளலாம். "நீ சந்தோஷமாக இருக்கிறாயா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்றதும், "எந்த அளவுக்கு நிச்சயமாச் சொல்ற?" என்று கேட்கும் கணவனை எத்தனை நாள் பொறுப்பது? விவாகரத்து ஆனது. வீடு ஆகவில்லை. நம் ஊரில் விவாகரத்து வாங்குவதைப் போல வீடு வாங்க முடியாது. இரண்டு அறை வீட்டில் ஆளுக்கு ஓர் அறை என்று நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. அடுப்படி பொது. குளிர்பெட்டியில் மேல் தட்டு அவருக்கு, கீழ்த் தட்டு இவருக்கு. மனைவியாக இருந்தவரை நீ, வா, போ. விவாகரத்துக்கு அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் அப்பா பெயரோடு சேர்த்து, நீங்க, வாங்க என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைவிடக் கொடூரமான சண்டையை நான் கேட்டதில்லை.

இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான், யாராவது ஒருவருக்குத் தனி வீடு. மனுப் போட்டுப் போட்டுக் களைத்துப்போனார்கள்.

எழுபதாம் வருடம் பிறந்தது. ஏப்ரலில் லெனின் நூற்றாண்டு. நாட்டிலுள்ள ஒவ்வொரு தொழிற்சாலையும் பண்ணையும் விழாவுக்குப் பரிசாக ஏதாவது சாதித்துக் காட்டியாக வேண்டும். பால் பண்ணை பால் கூடுதலாகக் கறந்தது. நாங்கள் எதைக் கறப்பது? எங்கள் பிரிவுத் தலைவர் கேன்ரிக் ஆதமவிச் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஃபோமா லூக்கிச் முகம் வெளுத்து அவர் அறைக்குள் வந்தார்.

"கேன்ரிக் ஆதமவிச், கள்ளன் ஒண்ணைத் தாண்டிட்டான்" என்றார்.

கழித்துப் பார்த்ததில் சில மோதல்களில் கண்ணுக்குத் தெரியாத துகளின் வேகம் ஒன்று புள்ளி ஒன்று வந்தது. ஓரிடத்தில் ஒன்று புள்ளி இரண்டே வந்தது. ஒளியை மிஞ்சும் வேகம்! வேறு யாராக இருந்தாலும் கேன்ரிக் ஆதமவிச், "போய்த் தூங்குங்க" என்றிருப்பார். சொன்னவர் ஃபோமா. இரண்டும் இரண்டும் நான்கு என்றாலே எந்தக் கருவியால் அளந்தது என்று கேட்கிறவர். குளிர்காலம் முழுக்க அவர் சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருந்தார். காந்தத்தைப் பார்த்தார். படச்சுருள் ஈரத்தில் சுருங்கியதா என்று பார்த்தார். லென்ஸைக் கழற்றி, அதைத் துடைக்கக் கொடுக்கிற சாராயத்தால் நிஜமாகவே துடைத்தார், எங்கள் ஆய்வக வரலாற்றில் முதல் முறையாக. படத்தை அளக்கும் பெண்கள் எட்டுப் பேரையும் மறுபடி அளக்கச் சொல்லி, அவர்கள் சாபத்தை வாங்கிக்கொண்டார். எங்கும் தப்பில்லை.

எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவன் ஒன்றை நம்பிவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. ஃபோமா நம்பிவிட்டார். நடையே மாறிவிட்டது. தொப்பியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தார், மாடிப்படியில் சீட்டியடித்தார். கேன்ரிக் ஆதமவிச் அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார்.

"ஃபோமா லூக்கிச், நூற்றாண்டுப் பரிசு கிடைச்சாச்சு. ஏப்ரல் முதல் புதன்கிழமை கருத்தரங்கு. மாஸ்கோவுல இருந்து ஆட்கள் வராங்க. அது முடிஞ்ச கையோட புதுக் கட்டிடத்துல உங்க பேருக்கு ஒரு தனி வீடு. இயக்குநர்கிட்டப் பேசிட்டேன்."

"தனி வீடா?"

"பால்கனியோட."

அன்று மாலை அடுப்படியில் ஃபோமா இந்தச் செய்தியை அக்னியா ரொமானவ்னாவிடம் முறைப்படி தெரிவித்தார். அவர், "எப்ப காலி பண்றீங்க?" என்று மட்டும் கேட்டாராம். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கவில்லை. ஆனால் மறுநாளே கடைக்குப் போய், ஃபோமாவின் அறைக்குப் போடப் புதுத் திரைத்துணி வாங்கிவந்து, அலமாரியில் மடித்து வைத்துக்கொண்டார்.

கருத்தரங்குக்கு முந்தைய ஞாயிறு சுவர்ப் பத்திரிகையின் சிறப்பிதழுக்காக நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஃபோமா உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் வேகவைத்த உருளைக்கிழங்கும் எடுத்து வைத்தார். லென்ஸ் துடைத்தது போக மிஞ்சியதும் ஒரு குப்பியில் இருந்தது. அக்னியா ரொமானவ்னா தன் பாதி அடுப்பில் கெண்டியை வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சுருக்கமாச் சொல்லுங்க, ஃபோமா லூக்கிச். படிக்கறவங்களுக்குப் புரியணும்" என்றேன்.

"ரொம்பச் சுலபம், ஸவேலி. வந்த துகளோட ஆற்றல் தெரியும். அது போய் மோதற புரோட்டான் சும்மா நிக்குது, அதோட ஆற்றலும் தெரியும். ரெண்டையும் கூட்டு. வெளிய போனதைக் கழி. மிச்சம் அவனோடது. வகுத்தா, ஒண்ணு புள்ளி ஒண்ணு!"

கெண்டியின் மூடி தரையில் விழுந்து உருண்டது. அக்னியா ரொமானவ்னாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சிரிப்பு, அக்னியா ரொமானவ்னா?"

"ஒண்ணுமில்ல, ஃபோமா லூக்கிச். தண்ணி கொதிக்குது."

"தண்ணி கொதிச்சா சிரிப்பு வருமா?"

"என்ன சொன்னீங்க? புரோட்டான் சும்மா நிக்குதா?"

"வேற என்ன செய்யும்? தொட்டியில இருக்கற ஹைட்ரஜனோட கரு. அது பாட்டுக்கு நிக்குது."

"உங்க தொட்டியில இருக்கறது புரொப்பேன். ஹைட்ரஜனும் இருக்கு, கார்பனும் இருக்கு. இதுல எது மேல மோதிச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஃபோமா பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். கார்பன் கருவில் மோதினால் கரு உடைந்து, படத்தில் அங்கேயே குட்டையும் தடியுமாகக் கறுப்புக் கோடுகள் விழும். குப்பை. அந்தப் படங்களை எல்லாம் ஒதுக்கிவிடுவது எங்கள் வழக்கம். சுத்தமான படம் என்றால் ஹைட்ரஜன். பத்து வருடமாக எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் இப்படித்தான் பிரிக்கிறோம்.

"விருந்து முடிஞ்சு பாத்திரம் கழுவி வெச்சிருந்தா, வீட்டுல விருந்தே நடக்கலைன்னு சொல்லுவீங்களா?" என்றார் அக்னியா ரொமானவ்னா. "குப்பை போடாமயும் கார்பன்ல மோதலாம். நாங்க தினம் பாக்கறோம். அந்தக் கார்பனுக்குள்ள இருக்கற புரோட்டான்..."

அங்கே நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. அவர் பார்வை ஃபோமாவின் அறைக் கதவுக்குப் போனது. புதுத் திரைத்துணி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்குமே வந்தது. புதன்கிழமை கருத்தரங்கு, வியாழக்கிழமை சாவி. நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இந்த மனிதரும் அவருடைய சந்தேகங்களும் ஆற்றங்கரைக் கட்டிடத்துக்குப் போய்விடும்.

"சரி, எனக்கென்ன. வாழ்த்துகள்" என்றார். கெண்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பொறாமை. அந்தப் பக்கத்து ஆளுங்களே அப்படித்தான்" என்றார் ஃபோமா. மீனை வெட்டினார். நான் எழுதிக்கொண்டேன். எங்கள் கோப்பை வாய்க்குப் போவதற்குள் கதவு படாரென்று திறந்தது.

"அந்தப் புரோட்டான் சும்மா நிக்காதுடா முட்டாளே!" என்று கத்தினார் அக்னியா ரொமானவ்னா. "கருவுக்குள்ள அது ஓடிக்கிட்டே இருக்கும். ஒளியோட வேகத்துல கால்வாசி! உன் துகளுக்கு நேரெதிரா ஓடி வந்து மோதிச்சுன்னா? அது கொண்டுவந்த உந்தத்தை நீ கணக்குலயே சேக்கல. நிக்குதுன்னு வெச்சுக் கழிச்சா உன் கள்ளன் ஒளியைத் தாண்டாம என்ன செய்வான்?"

ஃபோமா கோப்பையைக் கீழே வைத்தார். "எல்லாத்தையும் பாத்தேனே" என்றார்.

"எல்லாத்தையும் பாத்த. எது மேல மோதிச்சோ அது நிக்குதான்னு பாத்தியா?"

"நீ சொல்றது சரின்னா, சில புரோட்டான் எதிர்ல வராம, கூடவே முன்னாலயும் ஓடியிருக்கணும்."

"ஓடியிருக்கும்."

"அப்ப வேகம் குறைச்சலா வந்திருக்கணும். எத்தனை படத்துல கூடுதலா வந்துதோ, அத்தனை படத்துல குறைச்சலாவும்."

"வந்துதா?"

மெதுவாகப் போன துகளை யார் பார்த்தார்கள்? மெதுவாகப் போவது குற்றமில்லையே. அதை எல்லாம் வேறு ஏதோ கனமான துகள் என்று ஒரு மூலையில் போட்டுவைத்திருந்தோம். ஃபோமா எழுந்து, ஒரு கால் செருப்பும் ஒரு கால் பூட்ஸுமாக ஆய்வகத்துக்கு ஓடினார். தொப்பி போடவில்லை. வெளியே பனி உருகிக் கொழகொழவென்று கிடந்தது.

திங்கட்கிழமை கணக்கு முடிந்தது. மூலையில் போட்டிருந்த மெதுவான துகள்கள், ஒளியை முந்தியவற்றுக்குச் சரிக்குச் சரியாக இருந்தன. ஓடிக்கொண்டிருந்தது புரோட்டான்தான். ஒளியை யாரும் முந்தவில்லை.

நான் கூடவே கேன்ரிக் ஆதமவிச்சின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து கதவைப் பூட்டினார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, ஸவேலிக்கு, என் முன்னாள் மனைவிக்கு" என்றார் ஃபோமா.

"அப்ப யாருக்கும் தெரியாது. கேளுங்க, ஃபோமா லூக்கிச். அறிவியல்ல தப்பு வரது சகஜம். தப்பைக் கண்டுபிடிக்கறதும் ஒரு சாதனைதான். ஆனா எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. ஏப்ரல்ல கண்டுபிடிப்பு. மே மாசம் கொடியெல்லாம் இறக்கினதும் தப்பைக் கண்டுபிடிங்க. அதையும் தனியாக் கட்டுரை போடுங்க. ரெண்டு கட்டுரை, ஒரு வீடு!"

"சாவி எப்ப கொடுப்பாங்க?"

"வியாழக்கிழமை."

ஃபோமா யோசித்தார். அவரைப் புனிதர் ஆக்க நான் இதை எழுதவில்லை. நன்றாகவே யோசித்தார். வெளியே வந்ததும், "பால்கனி எந்தத் திசை பாத்துன்னு அவர் சொல்லலையே" என்று என்னிடம் கேட்டார். நாற்பத்தேழு வயது மனிதர், பட்டம் இல்லை, பதவி இல்லை, சொந்தமாக ஒரு கதவு இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

அன்று அடுப்படியில் அவர் அக்னியா ரொமானவ்னாவிடம் ஒரு கேள்வி கேட்டார். இதை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போகிறது.

"நீங்க ஏன் சொன்னீங்க? வீடு போயிடுமே. உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்."

"அப்புறம்?"

"என் குடும்பப் பேரும் இன்னும் ரியாபினினாதான். அடையாள அட்டையை மாத்த நாலு ஆபீஸ் ஏறணும்னு அப்படியே விட்டுட்டேன். ரியாபினின் தப்புன்னு நாளைக்கு உலகம் பூரா சிரிச்சா, நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது?" கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு, "அதோட, நீங்க சீட்டியடிச்சுக்கிட்டு நடந்தீங்க. பாக்கச் சகிக்கல" என்றாராம்.

புதன்கிழமை கருத்தரங்குக் கூடம் நிரம்பி வழிந்தது. மாஸ்கோ ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். காட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பின்வரிசையில் கூட்டமாக, திருவிழா பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மேலே சிவப்புத் துணியில் எங்கள் பரிசை வாழ்த்தி எழுதியிருந்தது. ஃபோமா கரும்பலகையில் கழித்தல் கணக்கை முதலிலிருந்து எழுதினார். ஒன்று புள்ளி ஒன்று என்று எழுதி அடிக்கோடு போட்டார். கேன்ரிக் ஆதமவிச் மூச்சை விட்டார். ஃபோமா பலகை துடைக்கும் துணியை எடுத்து அதை அழித்தார்.

"இது தப்பு. புரோட்டான் நிக்குதுன்னு நான் நம்பிட்டேன்" என்றார். "வாழ்க்கையில நான் சரிபார்க்காம நம்பினது அது ஒண்ணுதான்."

பிறகு மெதுவான துகள்களின் கணக்கை எழுதி, உட்கார்ந்துவிட்டார். முதலில் பின்வரிசை சிரித்தது. அப்புறம் மாஸ்கோ சிரித்தது. கடைசியில் எங்கள் ஆட்களும் சிரித்தோம், வேறு வழியில்லை. யாரோ ஒருவர், "தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

ஃபோமா எழுந்தார். "அக்னியா ரொமானவ்னா ரியாபினினா. ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க. அதுவும் கெண்டி கொதிக்கறதுக்குள்ள" என்றார்.

பின்வரிசை கைதட்டியது பாருங்கள், சிவப்புத் துணி ஆடியது.

கேன்ரிக் ஆதமவிச் அதற்கப்புறம் ஒரு வருடம் ஃபோமாவோடு பேசவில்லை. பால்கனி வீடு எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்காப்பாளருக்குப் போனது. நூற்றாண்டுப் பரிசாக அவசர அவசரமாகப் படச்சுருள் கழுவும் தண்ணீரை மிச்சப்படுத்தினோம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தோம்.

ஆகவில்லை. அணுக்கரு ஆய்வகத்தின் இயக்குநர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மாஸ்கோ ஆட்களுக்கு முன்னால் எங்கள் மூக்கை உடைத்தது அவருடைய ஆள்! புதுக் கட்டிடத்தில் தன் ஆய்வகத்தின் பங்குக்கு வந்த வீடுகளில் ஒன்றை அக்னியா ரொமானவ்னாவுக்கு ஒதுக்கினார். சமாதானத்துக்கு வழி பிறந்துவிட்டது, அவர் கண்ணீரோடு சாவியை மறுத்துவிடுவார் என்று ஊர் பேசிக்கொண்டது. நான் சுவர்ப் பத்திரிகைக்கு இரண்டு புறா வரைந்தே வைத்துவிட்டேன். அக்னியா ரொமானவ்னா ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். புறாவைக் கிழித்துப் போட்டேன்.

மே மாதம் வீடு மாறினார். நானும் ஃபோமாவும்தான் சுமந்தோம். சேற்றில் சோபாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஃபோமா வாய் ஓயாமல் பேசினார். இனி குளிர்பெட்டி முழுசும் தனக்குத்தான், அடுப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கேட்க ஆளில்லை என்றார். நான்காம் மாடி. கடைசிப் பெட்டியையும் வைத்தோம். அக்னியா ரொமானவ்னா எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். குடித்தோம். புறப்பட்டோம். அவர் வாசல் வரை வந்தார்.

"இனிமே உங்க கணக்குல தப்பு வந்தா யாரு சொல்லுவா, ஃபோமா லூக்கிச்?"

"தப்பு வராது."

"வரும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இரண்டாம் மாடி இறங்குவதற்குள் ஃபோமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சோபா தூக்கிய களைப்பு என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார். மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, வெட்கமே இல்லாமல் அழுதார். "எனக்குத் தனியா இருக்க வேணாம், ஸவேலி" என்றார். "மூணு வருஷமா வேணும்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்." கைக்குட்டை கொடுத்தேன். அது சுத்தமானதா என்று கேட்காமல் வாங்கித் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் அவரை மேஜையில் காணோம். புதுப் படங்களின் கணக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காட்டைத் தாண்டி ஆற்றங்கரைக் கட்டிடத்துக்குப் போயிருக்கிறார். நான்காம் மாடி ஏறி மணி அடித்திருக்கிறார். கதவு சங்கிலி போட்டபடியே கொஞ்சம் திறந்தது. அவர் தாள்களை அந்த இடுக்கு வழியாக நீட்டியிருக்கிறார். அக்னியா ரொமானவ்னா அங்கேயே நின்று முதல் பக்கத்தைப் படித்தாராம். இரண்டாம் பக்கத்தையும் படித்தாராம். "இன்னைக்கு முடியாது, மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை வா" என்று சொல்லி, தாள்களைத் தானே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாராம்.

ஃபோமா லூக்கிச் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தார். தொப்பி பின்னந்தலையில் இருந்தது. எங்கள் ஒவ்வொருவர் மேஜையாக நின்று, "செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கா" என்றார். அளக்கும் பெண்கள் எட்டுப் பேரிடமும் சொன்னார். பேசாமலிருந்த கேன்ரிக் ஆதமவிச்சிடமும் போய்ச் சொன்னார். அந்த ஒரு முடிவை மட்டும் எங்கள் ஆய்வகத்தில் யாரும் திரும்பச் சரிபார்க்கச் சொல்லவில்லை.